எஸ்தர்க்காவின் தொண்டையும் என் ஃப்ளூட்டும்

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். ஃப்ளூட் வாசிக்கிறவனுக்குச் சொல்லோடு போவதில்லை, தொழிலே போய்விடுகிறது. மேல்வரிசையில் இரண்டு பல்லை எடுத்துச் செயற்கைப் பல் கட்டிய பிறகு குழலில் என் உதடு பழையபடி உட்காரவே இல்லை. கொஞ்ச காலம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஃப்ளூட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது மறைமலைநகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் பால் வாங்குவதும் மாலையில் மாப்பிள்ளையோடு அரசியல் பேசிச் சண்டை போடுவதும்தான் உத்தியோகம்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோர ரிசார்ட்டுகளில் வாசிக்கிற இளசுகள் உங்களில் சிலர் என்னைத் தேடி வருகிறீர்கள். பிரேசில் இசையான சாம்பாவையும் போசா நோவாவையும் ஃப்ளூட்டில் எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்கள். விரல் வேலையெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அதில் கிடைக்காததை மட்டும் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் இஷ்டம்.

நாங்கள் நான்கு பேர். நான் வாரநாட்களில் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்த்துக்கொண்டிருந்தவன். செங்கல்பட்டில் எங்கள் சர்ச் வாத்தியக் குழுவில் யாரும் தொடாமல் கிடந்த வெள்ளி நிற ஃப்ளூட்டை எடுத்து ஊதப்போய் அப்படியே அதில் மாட்டிக்கொண்டவன். டிரம்ஸ் குமார் அதே தொழிற்சாலையில் கம்பெனி பஸ் ஓட்டினான். கிதார் ஜெயசீலன் மதுராந்தகத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருந்தார். பாடுகிறவர் ஜெயசீலனின் மனைவி எஸ்தர்க்கா. சர்ச் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவி, மெல்லிசை மேடைகளிலும் பாடியவர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். அவர் உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தால் பின்பெஞ்சில் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். சனி, ஞாயிறு வந்தால் நான்கு பேரும் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போவோம். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம். ஜாஸ் வேண்டும், பிரேசில் பாட்டு வேண்டும் என்பார்கள்.

முதலில் நாங்கள் மூக்குடைபட்ட கதை. ஒருநாள் உற்சாகமாக ஒரு சாம்பா வாசித்தோம். அது பிரேசிலில் தெருவெல்லாம் மேளம் கொட்டி ஆடுகிற இசை. நமக்குக் கொட்டத் தெரியாதா என்ற நினைப்பு எங்களுக்கு. முன்மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பிரேசில்காரர், கார் தொழிற்சாலைக்குப் பொறியாளராக வந்து படூரில் குடியிருந்தவர், இடைவேளையில் எழுந்து வந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நன்றாக இருந்தது. இது உங்கள் ராணுவ அணிவகுப்பு இசையா?"

குமாருக்கு முகம் செத்துவிட்டது. நம் கல்யாண மேளமோ கச்சேரியோ பஜனையோ, எல்லோரும் சுற்றிவந்து தாளத்தின் முதல் அடியான ஒன்றில் விழுவோம். கூட்டமும் ஒன்றில்தான் கை தட்டும். குமாரும் பெரிய டிரம்மை ஒன்றிலேயே ஓங்கிப் போட்டிருந்தான். அந்த மனிதர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று லேசு, இரண்டு கனம். பார்க்கச் சுலபம். குமார் பஸ் ஸ்டியரிங்கில் வாரக்கணக்கில் தட்டிக்கொண்டு வந்தான். பின்சீட்டு ஆட்கள், டிரைவருக்கு ஏதாவது வியாதியா என்று என்னிடம் விசாரித்தார்கள். கடைசியில் ஒருநாள் அவனே வந்து சொன்னான்.

"பிடிச்சிட்டேன் அண்ணாத்த. ஒண்ணுன்றது கால தூக்கறது. ரெண்டுன்றது கால வெக்கறது. நாம இம்மா நாளா தூக்கும்போதே டம்முனு வெச்சிகினு இருந்தோம்."

பொறியாளர் அதன் பிறகு எங்களுக்கு நண்பராகிவிட்டார். என் ஃப்ளூட்டைப் பற்றியும் ஒரு குறை சொன்னார். நான் ஒவ்வொரு சுரத்துக்கும் பூ வைத்துப் பொட்டு வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் காதுக்கு அது அழகு. போசா நோவா அப்படியில்லை. அது சாம்பாவின் பிள்ளைதான், ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளை. அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டாதபடி, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு பேசுகிற குரலில் பாடுவது என்றார். இன்னொன்றும் சொன்னார். "பாடுகிறவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயேதான் வருவார். அவரைத் தேடிக்கொண்டு ஃப்ளூட் வாசலுக்குப் போக வேண்டாம்."

எஸ்தர்க்காவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. தொண்டையைத் திறந்து பாடிப் பழகியவர். போர்ச்சுகீசிய வரிகளைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்து பாடுவார், ஆனால் என்னிடம் முணுமுணுப்பார்.

"இன்னாடா பாலு இது, தூக்கத்துல ஒளர்ற மாதிரி கீது. மைக்கு எதுக்கு, தலகாணி குடு."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் தைராய்டில் கட்டி வந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது, பயப்படும்படி எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் குரல்நாணுக்குப் போகிற நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது, கத்த வேண்டாம், அதற்காகப் பேசாமலும் இருந்துவிட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

எஸ்தர்க்கா பேசாமல் இருந்துவிட்டார். வாயைத் திறந்தால் பாதி குரலும் பாதி காற்றுமாக வந்தது. அது அவருக்கு அவமானமாக இருந்தது. போனை எடுப்பதில்லை. காய்கறி வண்டி வந்தால் விரலால் காட்டி வாங்குவார். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினார். பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது என்று ஜெயசீலனிடம் சொன்னாராம். வீட்டில் நாங்கள் போனால் பேசுவார், அதுவும் இரண்டு வார்த்தை. வெளியாள் யாராவது வந்துவிட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். ஜெயசீலன் ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "கட்டி போயிடுச்சு பாலு. ஆளும் கொஞ்சம் கொஞ்சமா போய்கினு இருக்கா." அதைக் கேட்டு நான் அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

ரிசார்ட்டில் இடையில் வேறு ஒரு பெண் வந்து பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி ஊர் மாறினாள். மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் உண்டு. "ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துல மேடம் ஒரு வாட்டி பாடட்டும். சரியா வந்தா சீசன் முழுக்க நீங்கதான். இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து வேற குரூப்பு கேட்டுகினு இருக்காங்க," என்றார். எங்கள் மூன்று பேருக்கும் அந்த இடம் போனால் வேறு இடம் கிடைக்கும். எஸ்தர்க்காவுக்கு மேடை இன்னொரு முறை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, கிடைத்தாலும் இன்னொரு முறை ஏறுவாரா என்பது.

கொளவாய் ஏரிப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி அவர்கள் வீடு. அங்கேதான் ஒத்திகை. நான் சொன்னேன்: "எஸ்தர்க்கா, நீங்க திட்டின பாட்டுதான் இப்ப நமக்கு வழி. அதுக்குத் தொண்டையே தேவையில்ல. பேசினா போதும்."

"பேச்சே வரலடா. காத்துதான் வருது."

"அந்தக் காத்தப் போட்டுப் பாடுங்க."

முறைத்தார். ஆனால் பாடிப் பார்த்தார். ரயில் வரும்போது நிறுத்துவோம், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நான்கு பேர் மட்டும் இருந்த அந்த அறையில் அது நன்றாகவே வந்தது. குமார் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். அவன் தன் காசில் டீ வாங்கினால் ஏதோ நல்லது நடக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கடலைப் பார்த்த திறந்த கூடம். சவுக்குத் தோப்பிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கூச்சல், தட்டுகளின் சத்தம். மேலாளர் தோசைக்கல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் இரண்டு உருப்படிகளைப் பாட்டில்லாமல் வாசித்தோம். பிறகு எஸ்தர்க்கா எழுந்தார். கழுத்துத் தழும்பு தெரியாமல் மெல்லிய துப்பட்டா ஒன்றைச் சுற்றியிருந்தார். ஜெயசீலன் மெதுவாகக் கிதாரைத் தொடங்கினார், அது ஒரு போசா நோவா. முதல் வரி வந்தது. சிறிய குரல், ஆனால் குரல். இரண்டாவது வரியில் பழைய பழக்கம் அவரை இழுத்துவிட்டது. முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் குரலை ஓங்கப் போனார். அவ்வளவுதான், அறுந்துவிட்டது. வாய் அசைகிறது, மைக்கில் வெறும் காற்று.

அவர் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றார். ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் தலையைக் குனிந்து கிதாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டு, அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் விரல் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

நம் மெல்லிசை மேடைகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். பாடுகிறவருக்கு அடி சறுக்கினால் ஃப்ளூட்டோ கீபோர்டோ உடனே மெட்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்குத் தெரியாமல் மூடிவிட வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் தொழில். எத்தனையோ பேரை நான் அப்படித் தூக்கிவிட்டிருக்கிறேன். என்னையும் தூக்கிவிட்டிருக்கிறார்கள். பின்னாலிருந்து குமார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணாத்த, எடு. எடுத்துடு."

ஃப்ளூட் உதட்டுக்கு வந்துவிட்டது. மெட்டு விரலில் தயாராக இருந்தது. ஊதியிருந்தால் யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டு காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் எனக்கு எஸ்தர்க்காவைத் தெரியும். நான் மெட்டை எடுத்தால் அவர் புன்னகைத்தபடி மைக்கைத் தாங்கியில் வைப்பார். எங்களுக்காகக் கை தட்டக்கூடச் செய்வார். பிறகு அவர் ஆயுசுக்கும் அதைத் தொட மாட்டார். தோசைக்கல் பக்கம் நிற்கிறவருக்கும் ஒரு விடை கிடைத்துவிடும், இந்தக் குழு அந்தம்மா இல்லாமலே ஓடும் என்று. முதலுக்கே மோசம்.

ஊதாமலும் இருக்க முடியாது. கிதார் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தால், காணாமல் போன குரலை எல்லோரும் தேட ஆரம்பிப்பார்கள். ஜெயசீலனின் இன்னொரு சுற்று முடிவதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

தம்பி, தங்கச்சிகளே, ஃப்ளூட்டில் தெளிவான சத்தம் வர நாம் எத்தனை வருஷம் உயிரை விடுகிறோம். கற்றுக்குட்டி ஊதினால் பாதி சத்தம், பாதி காற்று. அந்தக் காற்றை வடிகட்டி எடுக்கத்தான் பாடுபடுகிறோம். நான் அன்று உதட்டைத் தளர்த்தினேன். குழலின் அடிப்பகுதிக்குப் போய், ஒரே ஒரு நீளமான சுரத்தை, முக்கால்வாசி காற்றாக ஊதினேன். மெட்டில் இல்லாத சுரம். கேட்கவே கூசுகிற சத்தம். என் சத்தத்தை நானே கெடுத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. உதடு தன்னால் இறுகப் பார்த்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.

எஸ்தர்க்கா திரும்பினார். முதலில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்பது போலப் பார்த்தார். அப்புறம் அவருக்குப் புரிந்தது. அவர் தொண்டையில் வந்துகொண்டிருந்த அதே சத்தம்தான் என் குழலிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

நான் வரியை எடுத்துக் கொடுக்கவில்லை. தலையசைத்துக் கூப்பிடவும் இல்லை. அந்த ஒரு சுரம், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி அதே சுரம். குமார் கெட்டிக்காரன். குச்சிகளை மடியில் போட்டுவிட்டு விரல் நுனியால் டிரம்மைத் தடவ ஆரம்பித்தான். ஒன்று லேசு, இரண்டு கொஞ்சம் கனம். ஜெயசீலனின் கைக்கும் அது எட்டியது, கிதார் இன்னும் சன்னமானது. நாங்கள் மூவரும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டோம். எஸ்தர்க்கா மேலே ஏறி வர வேண்டியதில்லை.

வந்தார். விட்ட வரியைத் தேடவில்லை. அடுத்த வரியை, தாளம் முன்னே போன பிறகு நன்றாகப் பின்தங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி சொன்னார். பாடினார் என்றும் சொல்லலாம். காற்றும் குரலுமாக அந்த அந்நிய பாஷை வார்த்தைகள் வந்தன, என் காற்று அதன் கீழே போய்க்கொண்டிருந்தது. எது அவர் மூச்சு, எது என் மூச்சு என்று எனக்கே சில இடங்களில் பிரியவில்லை. அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அந்தப் பாட்டை இத்தனை காலம் நான் அழகாக வாசித்திருக்கிறேன், ஆனால் அது யாரோ யாரிடமோ மனம் விட்டுச் சொல்கிற பேச்சு என்பதை அதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது என்றெல்லாம் கதை விட மாட்டேன். சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மேசையில் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், அது தெரிந்தது. பாட்டு முடிந்ததும் கொஞ்சம் கைதட்டல். எஸ்தர்க்கா மைக்கைத் தாங்கியில் வைக்கவில்லை. ஜெயசீலனிடம் அடுத்தது என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். அது சாம்பா. மேளத்தை மீறிப் பாட வேண்டிய பாட்டு. அவரோ அதையும் அதே குரலில், மேளத்துக்கு மேலே ஏறாமல் மேளத்தின் இடைவெளிகளில் சொல்லிச் சொல்லிப் போனார். நானும் அந்தக் கெட்ட சத்தத்தைக் கடைசி வரை விடவில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் காற்றும் அடுத்த பாட்டுக்குச் சுத்தமும் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். மேடையில் ஒருவர் தடுமாறினால் உங்கள் கை தன்னால் மெட்டுக்குப் போகும். போகட்டும், நல்ல கைதான். ஊதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கணம் பாருங்கள், இப்போது நீங்கள் காப்பாற்றப் போவது பாட்டையா, ஆளையா என்று. பல நேரம் இரண்டும் ஒன்றுதான். சில நேரம் இல்லை. அதைச் சொல்லித் தர யாராலும் முடியாது, பக்கத்தில் நிற்கிறவரை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் சேர்ந்து டீ குடிப்பது, வீட்டுக்குப் போவது எல்லாம். இளசுகள் நீங்கள் வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பிவிடுகிறீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு முடிந்து கூடத்துக்குப் பின்னால் ஊழியர்கள் சாப்பிடுகிற இடத்தில் நான்கு பேரும் தட்டோடு உட்கார்ந்தோம். மேலாளர் வந்தார்.

"நல்லா இருந்துச்சு மேடம்," என்றார் எஸ்தர்க்காவைப் பார்த்து. "புது ஸ்டைலா பண்றீங்க. கெஸ்ட்டு ஒருத்தர் கேட்டாரு, இவங்க அடுத்த வாரமும் பாடுவாங்களான்னு. பாடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

எஸ்தர்க்கா தட்டைப் பார்த்துத் தலையசைத்தார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஃப்ளூட்டுதான் இன்னிக்கு சரியில்ல. ஒரே காத்தா வருது. மேடம் அவ்ளோ நல்லா பாடும்போது அது மட்டும் பேஜாரா இருந்துச்சு. அடுத்த வாரத்துக்குள்ள ரிப்பேர் பண்ணிகினு வந்துடுங்க."

குமார் வாயைத் திறந்தான். நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"சரிங்க சார். பாத்துடறேன்," என்றேன்.

அவர் கிளம்பப் போனார். அப்போது எஸ்தர்க்கா நிமிர்ந்தார். கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவைச் சாப்பிட வசதியாக அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். அந்தப் பாதிக் குரலிலேயே, காற்று காற்றாக, மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அவன் எப்பவும் அப்படித்தான் சார். சொன்னா கேக்கமாட்டான். நீங்க போங்க, நான் பேசிக்கறேன்."

அறுவைக்குப் பிறகு அவர் வெளியாள் ஒருவரிடம் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் முறை.